சுவரில் இல்லாத பொட்டு

காளி பூஜை கழிந்து இரண்டாம் நாள் எங்கள் மதுகஞ்சில் ஆண்பிள்ளைகள் யாரும் வேறு வேலை வைத்துக்கொள்ள மாட்டார்கள். குளித்துவிட்டு நேரே அக்கா தங்கை வீட்டுக்குப் போவார்கள். அவள் இடது கைச் சுண்டுவிரலால் சந்தனம் தொட்டு நெற்றியில் பொட்டு வைப்பாள். மேலே ஒரு துளி தயிர், ஒரு துளி மை. யமன் வாசலில் முள் போட்டாயிற்று, இவன் இனி அந்தப் பக்கம் போகமாட்டான் என்று மூன்று தரம் சொல்லுவாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் சங்கு ஊதிக் குலவையிடுவார்கள். உடன்பிறந்தவன் தூரதேசத்தில் இருந்தால், அவன் பேரைச் சொல்லிச் சுவரில் பொட்டு வைப்பாள். சுவரில் வைத்தாலும் அது அவன் நெற்றிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். போலீஸ்காரனுக்கும் தெரியும், அவனும் ஒருத்திக்குத் தம்பிதானே. அந்த ஒன்றை நிஸ்தாரிணி ஒரு காலைப்பொழுது மறந்திருந்தாள். அவ்வளவுதான் நடந்தது, என் கண்ணுகளா. ஆனால் அதற்குள் ஓர் உயிர் இருந்தது.

நிஸ்தாரிணி லாஹிரி வீட்டுப் பெண். கட்டிக்கொடுத்த சுருக்கிலேயே புருஷனை இழந்து, சங்கு வளையலை உடைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். வெள்ளைப் புடவை, ஒருவேளைச் சோறு, ஏகாதசிக்குத் தண்ணீர்கூட இல்லாத பட்டினி. கல்யாணம், குழந்தைக்கு முதல் சோறு, எதுவானாலும் அவளைச் சமையல்கட்டோடு நிறுத்திவிடுவார்கள். அவள் கைபட்டால் ஆகாது. அந்தக் கைக்கு என்று மிச்சம் இருந்தவை இரண்டு நெற்றிகள்தான். ஒன்று அண்ணன் நிவாரணுடையது. இன்னொன்று தம்பி விதுவுடையது.

நிவாரண் வக்கீல். ஊரில் பெரிய மனிதர். பொய் வழக்கு எடுக்கமாட்டார் என்று பேர். எந்த அநியாயம் நடந்தாலும் அவர் ஒரு மனு எழுதிவிடுவார். வங்காளத்தை இரண்டாக வெட்டினார்களே, அப்போதும் எழுதினார். கலெக்டருக்கு, கவர்னருக்கு, லண்டனில் இருக்கிற சபைக்கு. ராணியம்மா காலத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அந்நியத் துணியை அவரும் விட்டுவிட்டார், கையால் நெய்த முரட்டு வேட்டிதான் கட்டுவார். ஆனால் சட்டம் என்கிற படிக்கட்டை விட்டுக் கால் எடுக்கமாட்டார். ‘வெள்ளைக்காரன் கெட்டவனா இருக்கலாம், அவன் எழுதி வெச்ச சட்டம் நல்லது. அதைக் கொண்டே அவனைக் கட்டணும்’ என்பார்.

விதுவை வந்தே மாதரம் கத்தியதற்காகக் கல்லூரியில் இருந்து துரத்தினார்கள். ஊருக்கு வந்து சிலம்பக் கூடத்தில் சேர்ந்தான். அங்கே சிலம்பம் மட்டும் சொல்லித்தரவில்லை என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டோம். அந்த மழைக்காலத்தில் ஸ்டீமர் துறையில் டிக்கெட் கிழிக்கிற ரசிக் என்பவனைச் சுட்டுவிட்டார்கள். ரசிக் போலீஸுக்கு ஆள் காட்டிக்கொண்டிருந்தான். அவன் காட்டிய இரண்டு பையன்கள் அந்தமானுக்குப் போனார்கள். சுட்டவன் விது. அன்றிலிருந்து அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. லாஹிரி வீட்டு வாசலில் பலாமரத்தடியில் புத்தன் சிங் என்கிற இந்துஸ்தானிச் சிப்பாயை நிறுத்திவிட்டார்கள். ஆறடி உயரம், ஊர் நினைப்பில் அழுகிற மனுஷன். நிஸ்தாரிணி அவனுக்கும் ஒரு கிண்ணம் பொரி கொடுத்தனுப்புவாள்.

அந்த மாதம் முழுக்க நாங்கள் விதவைகள் விடியலில் குளத்தில் முழுக வேண்டும். லாஹிரி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளம் பெண்டுகள் குளம், ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். பொட்டு நாள் அன்று நானும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்தேன். முக்காடு போட்ட ஒருத்தி பித்தளைச் செம்போடு படியில் இறங்கி வந்தாள். நல்ல உயரம்.

படியில் நின்ற நிஸ்தாரிணி கேட்டாள். “யாரும்மா புதுசா? எந்த வீடு?”

வந்தவள் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். நிஸ்தாரிணி குனிந்து அவள் காலைப் பார்த்தாள். அப்புறம் முகத்தைப் பார்த்தாள். தன் கையில் இருந்த செம்பைத் தண்ணீரில் நழுவவிட்டாள்.

“கத்தாதேக்கா. கத்தினா நான் இந்தப் புடவையோட முழுகிடுவேன், எனக்கு இதை மறுபடி கட்டத் தெரியாது.”

“பாவி, பாவி! உனக்கு வேற வேஷமே கிடைக்கலையா? நல்ல நாளும் அதுவுமா வெள்ளைப் புடவையைச் சுத்திக்கிட்டு வந்து நிக்கறியே!”

“மீசையை எடுத்திருக்கேன். அதுக்கு ஒரு சொட்டு அழுதியா நீ?”

மற்றவர்கள் எல்லாரும் முழுகிக்கொண்டே இருந்தோம். யாரும் பார்க்கவில்லை. இரண்டு வெள்ளைப் புடவைகள் ஒன்றை ஒன்று பிடித்தபடி கொல்லைக் கதவுக்குள் போயின. என் பக்கத்தில் நின்ற கிழவி மட்டும், “இந்தப் பொண்ணு நடக்கறதைப் பாரு, புருஷன் கிட்ட எத்தனை திட்டு வாங்கியிருப்பாளோ” என்றாள். தண்ணீருக்குள் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்த ஞாபகம் எனக்கு இல்லை.

உள்ளே, நிவாரணின் பெண்டாட்டி சைலபாலா தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். சந்தனம், தயிர், மை, அருகம்புல், நெல், விளக்கு, தேங்காய் உருண்டை. ஒரு பாய்தான் விரித்திருந்தாள். விதுவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப் போய் இன்னொரு பாயை எடுத்து வந்தாள்.

நிவாரண் குளித்துவிட்டுச் சால்வையோடு வந்தார். தம்பியைப் பார்த்து அப்படியே நின்றார்.

“எப்படி வந்தே?”

“நடந்து.”

“வாசல்ல சிப்பாய் நிக்கறான்.”

“தெரியும். சந்து முனையில என்னைப் பார்த்துக் கும்பிடு போட்டான். நானும் நல்லா இருன்னு ஆசீர்வாதம் பண்ணேன்.”

நிவாரணுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கத்தான் அவர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நிஸ்தாரிணி சந்தனம் குழைத்துக்கொண்டே அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக இவர்கள் இரண்டு பேரும் ஒரு கூரையின் கீழ் பேசிக்கொண்டதில்லை.

“சூரத்துல மாநாட்டுக்குப் போனியாமே. செருப்பு பறந்ததாமே. உன் மேல விழுந்துதா அண்ணா?”

“விழலை. என் பக்கத்துல இருந்தவர் மடியில விழுந்தது. உங்க ஆளுங்க வீசினது.”

“குறி தப்பிப்போச்சு.”

“உங்க குறி எப்பத்தான் சரியா இருந்தது? வெள்ளைக்காரனைச் சுடப் போறேன்னு கிளம்பி, டிக்கெட் கிழிக்கிறவனைச் சுட்டுட்டு வந்திருக்கே.”

“அவன் கிழிச்சது டிக்கெட் மட்டுமா? ரெண்டு பசங்க செக்கிழுக்கறாங்க.”

“அதுக்குக் கோர்ட் இருக்கு.”

“கோர்ட்ல யாரு உக்காந்திருக்கான்? அவன்தானே. திருடன் வீட்டுலயே போய்த் திருட்டுப் புகார் குடுக்கறே நீ. இத்தனை வருஷம் மனு எழுதினியே, ஒரு பிடி மண்ணு திரும்பி வந்துதா? பிச்சைப் பாத்திரத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளன்னு வெச்சிருக்கே, அதுதான் மிச்சம்.”

நிவாரணுக்கு மூக்கு சிவந்தது. “ரசிக்குக்கு ஒரு அக்கா இருக்கா, தெரியுமா உனக்கு? ஆத்துக்கு அந்தப் பக்கம். இன்னிக்கு அவ எங்க பொட்டு வைப்பா? தூரதேசம் போனவனுக்குச் சுவர் இருக்கு. செத்தவனுக்குச் சுவரும் கிடையாது.”

விது பாயின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், “அவன் விழும்போது என் பேரைச் சொன்னான்” என்றான். “அவனுக்கு என் பேர் தெரியும்னு எனக்குத் தெரியாது.”

“போதும், ரெண்டு பேரும் வாயை மூடுங்க” என்றாள் நிஸ்தாரிணி. “நல்ல நாள்ல செத்தவன் பேச்சு எதுக்கு? மூஞ்சியை நிமித்து.”

முதலில் அண்ணனுக்கு, பிறகு தம்பிக்கு. தலையில் அருகம்புல்லும் நெல்லும் வைத்தாள். யமன் வாசல் முள்ளைத் தம்பிக்குச் சொல்லும்போது அவள் குரல் உயர்ந்துவிட்டது, சைலபாலா தொடையில் தட்டி அடக்கினாள். சங்கை ஒரு தரம்தான் ஊதினார்கள். வெளியே கேட்டாலும் வக்கீல் வீட்டுப் பொட்டு என்று நினைத்துக்கொள்வார்கள்.

பூஜையறைக் கதவின் பக்கத்துச் சுவரில்தான், விது கல்கத்தாவில் படித்த வருஷங்களில் எல்லாம், அவனுக்கான பொட்டு விழும். துர்கை பூஜைக்கு அந்தச் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்த சைலபாலா, “இந்த வருஷம் சுவத்துக்கு வேலையே இல்லை” என்றாள்.

“ஆமா. அதுவும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்” என்றாள் நிஸ்தாரிணி. அத்தனை சந்தோஷமாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் சணல் ஏற்றிப்போகிற படகு ஒன்று குளத்துக்குப் பின்னால் கால்வாயில் வந்து நிற்கும். அதில் ஏறி, பிரெஞ்சுக்காரனுடைய சந்தன்நகருக்குப் போய்விட்டால் அப்புறம் இங்கிலீஷ் போலீஸ் கைவைக்க முடியாது. அதுவரைக்கும் முற்றத்து நெல் குதிருக்குள் இருப்பது என்று ஏற்பாடு. லூச்சிப் பூரியையும் இலிசு மீன் குழம்பையும் அள்ளி அள்ளித் தின்றுவிட்டு விது குதிருக்குள் இறங்கினான். இடுப்பில் துப்பாக்கி இருந்தது. நிஸ்தாரிணி பார்த்தாள், கேட்கவில்லை.

எச்சில் இலையை எடுத்துப் போட்ட கை காயவில்லை, இன்ஸ்பெக்டர் கேதார் பாபு வாசலில் வந்து நின்றார்.

கேதார் எங்கள் ஊர்க்காரர்தான். நிவாரணோடு ஒரே பெஞ்சில் படித்தவர். அன்று அவர் நெற்றியிலும் புதுச் சந்தனம், கன்னத்தில் லூச்சி எண்ணெய்ப் பளபளப்பு. அவர் அக்கா மோட்சதா வீட்டில் இருந்து நேரே வந்திருக்கிறார். பின்னால் புத்தன் சிங்கும் இன்னும் சில சிப்பாய்களும்.

“பொட்டு ஆயிடுச்சா நிவாரண்? சும்மா ஒரு சுத்து பார்த்துட்டுப் போகச் சொல்லி மேலிடத்து உத்தரவு. நல்ல நாள்ல தொந்தரவு, மன்னிச்சுக்க.”

“வாரண்ட் இருக்கா?”

“உன்கிட்ட வாரண்ட் இல்லாம வருவேனா? என் வேலை போயிடாது?” நீட்டினார். நிவாரண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். “சரியா இருக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். சரியாக இருந்தால் அவரால் வேறெதுவும் செய்ய முடியாது, அவர் அப்படித்தான்.

பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சிப்பாய்கள் மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்கள், சமையல்கட்டை எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் அக்கறை இல்லை. கேதார் பாபு முற்றத்து நடையில் நின்று சைலபாலா கொடுத்த தேங்காய் உருண்டையைத் தின்றுகொண்டிருந்தார். “எங்கக்கா உருண்டையை விட இது நல்லா இருக்கு. அவகிட்ட சொல்லிடாதீங்க” என்றார். கிளம்பத் திரும்பினார். திரும்பும்போது பூஜையறைச் சுவரைப் பார்த்தார்.

கொஞ்சம் கிட்டப் போனார். வெள்ளைச் சுவரை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். கதவின் அந்தப் பக்கத்தையும் பார்த்தார்.

“நிஸ்தாரி, தங்கச்சி” என்றார் மெதுவாக. “தம்பிக்குப் பொட்டு எங்கேம்மா வெச்சே?”

நிஸ்தாரிணிக்கு அப்போதுதான் தெரிந்தது. பின்னால் அவளே இதை என்னிடம் சொன்னாள்.

“புதுச் சுண்ணாம்பு. வெச்சிருந்தா பளிச்சுன்னு தெரியுமே.” கேதார் பாபு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “மறந்துட்டேன்னு சொல்லாதே. நீ சோறு திங்க மறப்பே, இதை மறக்கமாட்டே.”

தட்டு அங்கேயேதான் இருந்தது, சந்தனம் காயவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு, இதோ இப்போதுதான் வைக்கப் போகிறேன் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். அவளால் முடியவில்லை. ஐந்தாறு முழத்துக்கு அப்பால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவனை, நெற்றியில் அவள் வைத்த பொட்டு ஈரமாக இருக்கிறவனை, எப்படி இல்லாதவன் என்று சுவரில் எழுதுவாள்? முள்ளை அவளே பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடாதா? அவள் கை எழவில்லை.

கேதார் பாபு கையைத் துடைத்துக்கொண்டு நிவாரண் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. வரலைன்னு உன் வாயால ஒரு வார்த்தை. நான் போயிடறேன்.”

நிவாரண் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பொய் சொல்லிப் பழகாத வாய், அவசரத்துக்கு எங்கே வரும்?

“சரி” என்றார் கேதார். சிப்பாய்களைக் கூப்பிட்டார், நான்கு மூலைக்கும் அனுப்பினார், குளத்துப் பக்கம் புத்தன் சிங்கை நிறுத்தினார். பிறகு நிவாரணை ஓரமாக அழைத்துப் போனார். “கேட்டுக்க. நான் ஆள் அனுப்பிட்டா வெள்ளைக்கார சூப்பிரண்டு லாஞ்சுல வந்துடுவான், துப்பாக்கிக்காரங்களோட. அப்புறம் இந்த முற்றத்துல பொம்பளைங்க இருக்காங்கன்னு அவன் பார்க்கமாட்டான். அதுக்கு முன்னாடி அவன் தானா நடந்து என்கிட்ட வரட்டும். தானா வந்தான்னு நான் எழுதறேன். தானா வந்தவனுக்குத் தூக்கு குடுக்கமாட்டாங்க, உனக்கே தெரியும். அந்தமான், அப்புறம் ஒரு நாள் திரும்பி வருவான். உயிரோட. இதோ, எங்கக்கா வெச்ச பொட்டு மேல சத்தியம்.”

நெற்றியைத் தொட்டுச் சொன்னார்.

நிவாரண் குதிர் வாயில் போய்க் குனிந்தார். நிஸ்தாரிணி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கேட்டது.

“கேட்டேன்” என்றது உள்ளே இருந்து விதுவின் குரல். “நீ ஏதாவது சொல்லியிருக்கலாமே அண்ணா. ஒரே ஒரு பொய்.”

“வரலைடா.”

“தெரியும். நான் போறேன். குளத்துப் பக்கம் யாரு நிக்கறா?”

“புத்தன் சிங்.”

உள்ளே நெல் சரிகிற ஓசை கேட்டது.

“பொரி தின்னுவானே, அவனா?”

“அவன்தான். அவனைச் சுட்டாத்தான் உனக்கு வழி. சுடுவியா? ரசிக்கையாவது ஆள்காட்டின்னு சொன்னே. இவனை என்னன்னு சொல்லுவே?”

“இப்படித்தான் அண்ணா நீங்க எங்க கையைக் கட்டறீங்க.”

“நான் கட்டலை. உன் கையே கட்டிக்குது, எனக்குத் தெரியும். வெளிய வாடா. பார்த்த சாட்சி ஒருத்தன்தான், அவனும் மழையில பார்த்தவன். நான் நிக்கறேன் கோர்ட்ல. என் வாழ்நாள் பூராவும் படிச்சதை உனக்காகப் பேசறேன். தானா வந்தவன்னு எழுதறேன்னு கேதார் சத்தியம் பண்றான். என்னை நம்பு. ஒரே ஒரு தரம் என் வழியில வா.”

விது சிரித்தது நிஸ்தாரிணிக்குக் கேட்டது. “இதுவும் ஒரு மனுதானா? எனக்கே மனு போடறியா?”

“ஆமா, போடறேன்” என்றார் நிவாரண்.

துப்பாக்கியைக் குளத்தில் எறிந்துவிடுகிறேன் என்றான் விது. கூடாது என்றார் அண்ணன். அரைகுறை நேர்மை கோர்ட்டில் நிற்காது, தானாக வருகிறவன் எல்லாவற்றையும் கொண்டு வந்து வைக்க வேண்டும், அப்போதுதான் ஜட்ஜுக்கு நம்பிக்கை வரும் என்றார். விது அக்காவைப் பார்த்தான். அவள் என்ன சொல்லுவாள், பாவம்! உயிரோடு திரும்பி வருவான் என்ற ஒரு வார்த்தைதான் அவள் காதில் விழுந்திருந்தது. தலையை ஆட்டினாள்.

நெல்தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தான். துப்பாக்கியை அண்ணன் கையில் கொடுத்தான், அண்ணன் அதைக் கேதார் பாபு கையில் கொடுத்தார். மூன்று பேர் நெற்றியிலும் சந்தனப் பொட்டு. புத்தன் சிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு விலங்கு மாட்டினான். “மன்னிச்சுக்கங்க அம்மா” என்று அவன் நிஸ்தாரிணியைப் பார்த்துச் சொன்னது, ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

கோர்ட்டில் கேதார் பாபு கூண்டில் ஏறினார். பெரிய உத்தியோகம் அவருக்கு வரப்போகிறது என்று ஊரில் அதற்குள் பேச்சாகியிருந்தது. குற்றவாளி நெல் குதிரில் ஒளிந்திருந்தான், கையில் குண்டு போட்ட துப்பாக்கியோடு பிடித்தோம் என்றார். தானாக வரவில்லையா என்று நிவாரண் எழுந்து கேட்டார். இல்லை என்றார் கேதார். சத்தியம் செய்தீர்களே என்று கேட்டார் நிவாரண். வெள்ளைக்கார ஜட்ஜு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாராம், “அந்த வாக்குறுதி எழுத்தில் இருக்கிறதா?”

எழுதி எழுதியே தலை நரைத்தவர். அன்று ஒன்றைத்தான் எழுதி வாங்கவில்லை.

ரசிக்கின் உடம்பில் எடுத்த குண்டும் அந்தத் துப்பாக்கிக் குண்டும் ஒரே அளவு என்றார்கள். மழையில் பார்த்த சாட்சி அதற்குப் பிறகு தேவையே இல்லை.

நிவாரண் கருணை மனு எழுதினார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் கையெழுத்துப் போட்டார்கள், பலர் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். கொலைகாரன் மனுவில் தங்கள் பேர் வேண்டாம் என்று பயம். சிலம்பக் கூடத்துப் பையன்களோ, காட்டிக்கொடுத்தவன் வீடு என்று லாஹிரி வீட்டுக் கதவில் சாணியை அடித்தார்கள். அதைக் கழுவினாலும் மறுநாள் இருக்கும்.

கடைசியாகப் பார்க்க அண்ணனை மட்டும்தான் விட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் விது மெலிந்து, மீசை மறுபடி வளர்ந்து நின்றானாம்.

“மனு போட்டியா அண்ணா?”

“போட்டேன்.”

“நீளமா?”

“ரொம்ப நீளம்.”

“நல்லது” என்று சிரித்தானாம். “அக்காகிட்ட சொல்லு, மீசை வந்துடுச்சுன்னு.”

ஆடி மழையில் தூக்கில் போட்டார்கள். உடம்பைக் கொடுக்கவில்லை, ஜெயிலுக்குள்ளேயே எரித்துவிட்டார்கள்.

அடுத்த துர்கை பூஜைக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்கிறவன் வந்தான். பூஜையறைச் சுவரையும் அடிக்கலாமா என்று சைலபாலா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அதுல என்ன இருக்கு, அடிக்கட்டும்” என்றாள் நிஸ்தாரிணி.

பொட்டு நாள் வந்தது. விடியலில் குளத்தில் என் பக்கத்தில் நின்றவர்கள் மோட்சதா வீட்டுச் சங்கதி பேசினார்கள். கேதார் பாபு இப்போது பெரிய அதிகாரி. ஆனால் பையன்கள் அவரைக் குறிவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்து, வண்டியும் காவலும் இல்லாமல் தெருவில் இறங்குவதில்லை. அக்கா வீட்டுச் சந்துக்குள் வண்டி நுழையாது. அதனால் இந்த வருஷம் வரவில்லை. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருக்கிற தம்பிக்கு மோட்சதா சுவரில் பொட்டு வைக்கப் போகிறாளாம். நிஸ்தாரிணி கேட்டுக்கொண்டு முழுகினாள். அன்று ரொம்ப நேரம் தண்ணீருக்குள்ளேயே இருந்தாள், நான் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

வீட்டில் சைலபாலா ஒரு பாய் விரித்துத் தட்டை அடுக்கிவிட்டாள். நிவாரண் வரவில்லை. வெளி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விதுவைத் தூக்கில் போட்ட நாளில் இருந்து அண்ணனும் தங்கையும் சோற்றுக்கும் தண்ணீருக்கும் தவிரப் பேசிக்கொள்ளவில்லை. நிஸ்தாரிணி ஈரப் புடவையோடு போய்க் கதவைத் தள்ளினாள்.

“வா.”

“எனக்கு வேண்டாம் நிஸ்தாரி. என் பேச்சை நம்பித்தான் அவன் வெளிய வந்தான்.”

“என் சுவரைப் பார்த்துத்தான் அவன் உள்ள இருக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சுது. எழுந்து வா.”

அவர் வந்தார். கிழவராகியிருந்தார், பாயில் உட்காரவே கையை ஊன்ற வேண்டியிருந்தது. தலையைக் குனிந்துகொண்டார். நிஸ்தாரிணி சுண்டுவிரலில் சந்தனம் தொட்டு அவர் நெற்றியில் வைத்தாள். தயிர் வைத்தாள், மை வைத்தாள். அருகம்புல்லும் நெல்லும் போட்டாள். சைலபாலா சங்கை வாயருகே வைத்துக்கொண்டு, யமன் வாசல் முள்ளைச் சொல்லட்டும், ஊதலாம் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

நிஸ்தாரிணி அதைச் சொல்லவில்லை. உருண்டை ஒன்றை எடுத்து அண்ணன் வாயில் வைத்தாள். அவர் மென்றார், விழுங்க முடியாமல் அப்படியே வாயில் வைத்துக்கொண்டிருந்தார். சந்தனம் ஒட்டிய விரலோடு அவள் எழுந்தாள். கால் பழக்கத்தில் பூஜையறைப் பக்கம் இரண்டு அடி போய்விட்டது. நின்றாள். விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, தட்டைக் கழுவக் குளத்துக்குப் போனாள்.